கிழமை நாட்களில் மட்டும் வசிப்பவள்

வில் நகரத்து வரிக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை மூன்று நாள் நான் உடைக்கவில்லை. ஜன்னல் வைத்த கடித உறை என்றாலே எனக்கு ஆகாது. நல்ல செய்தியை அதற்குள் வைத்து யாரும் எனக்கு அனுப்பியது கிடையாது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தேன். நான்காம் நாள் எனக்கு ஓய்வு. வெளியே எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்கு மூடுபனி. தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வேறு சாட்டு எதுவும் கிடைக்காததால் உடைத்தேன்.

உள்ளே நான்கு பக்கக் கேள்விகள். கிழமை நாட்களில் மட்டும் வசிப்பவர்களுக்கானது என்று தலைப்பில் போட்டிருந்தது. நான் அந்த ஊரில் அப்படித்தான் பதியப்பட்டிருந்தேன். என் வேலை வில்லில், ஒரு முதியோர் இல்லத்தில். புருசனும் மகளும் இருப்பது நாட்டின் மற்றப் பக்கத்தில், லொசான் நகரத்தை ஒட்டிய ரெனானில். திங்கள் முதல் வெள்ளி வரை எனக்கு இங்கே ஓர் அறை, சனி ஞாயிறு அங்கே வீடு. இப்படி இருப்பவர்கள் வேலை செய்கிற கன்ரோனில், அதாவது மாநிலத்தில், வருமான வரி கட்டத் தேவையில்லை. வீடு எந்தக் கன்ரோனில் இருக்கிறதோ அங்கே கட்டினால் போதும். ஆனால் வேலை செய்கிற ஊர்க்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டால், வீடு என்று நீ சொல்வது உண்மையிலேயே உன் வீடுதானா என்று கேட்பார்கள். கடல் தாண்டி வந்தபோதுகூட என்னிடம் இவ்வளவு கேட்கவில்லை. ஒரே நாட்டுக்குள் மூன்றரை மணித்தியாலம் ரயிலில் போய் வருவதற்கு இத்தனை விசாரணையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

எப்படி இப்படி இரண்டு இடமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகதியாக வந்தபோது எங்களை இந்தப் பக்கத்துக்குத்தான் பிரித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து மொழியான டொச், அதாவது ஜெர்மன், படித்தேன், வயதானவர்களைப் பராமரிக்கும் பத்திரம் எடுத்தேன், மகள் பிறந்தாள். பிறகு இவர் வேலை செய்த தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். ரெனானில் இருந்த இவருடைய தமையன் ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்துக் கொடுத்தார். குடும்பமாகப் பெட்டி கட்டிக்கொண்டு போனோம். மகள் ஆறு மாதத்தில் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். எனக்கு நாக்கு வளையவில்லை. பரீட்சையில் இரண்டு முறை விழுந்தேன். மொழி இல்லாதவளை நோயாளியின் பக்கத்தில் விடமாட்டார்கள், அது நியாயம்தான். இரண்டு வருடம் கந்தோர்களில் கக்கூசு கழுவினேன். அந்த நேரத்தில் வில்லிலிருந்து என் பழைய பொறுப்பாளர் அழைத்து, ஆள் இல்லாமல் தவிக்கிறோம், வருகிறாயா என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு வருடமாகிவிட்டது.

முதல் பக்கக் கேள்விகள் சாதாரணமானவை. பெயர், பிறந்த திகதி, கலியாணமானவரா. இரண்டாம் பக்கத்திலிருந்து மூக்கை நுழைக்கத் தொடங்கினார்கள். அறையின் அளவு என்ன? தளபாடங்கள் உங்களுடையனவா, வாடகைக்கு எடுத்தவையா? ஓய்வு நேரத்தை எங்கே, யாருடன் கழிக்கிறீர்கள்? எந்தச் சங்கங்களில் உறுப்பினராக இருக்கிறீர்கள்? உங்கள் வைத்தியர் எந்த ஊரில் இருக்கிறார்? பல் வைத்தியர்? வரி வாங்குகிறவனுக்கு என் பல்லோடு என்ன வேலை என்று வாய்விட்டே கேட்டேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி. உங்கள் வாழ்வின் மையம் எங்கே இருப்பதாகக் கருதுகிறீர்கள், காரணம் கூறுக. பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

ரெனான் என்று எழுதினேன். காரணம், என் குடும்பம் அங்கே இருக்கிறது. எழுதிவிட்டு மற்றப் பக்கங்களுக்குத் திரும்பினேன். உண்மையைச் சொன்னால், பென்சிலால்தான் எழுதினேன். வைத்தியர் வில்லில். பல் வைத்தியரும் வில்லில். கட்டில், மேசை, சோறு காய்ச்சும் சட்டி, மாதா படம் எல்லாம் என்னுடையவை. சங்கம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் மாதம் ஒருமுறை இங்கே தமிழ்ப் பூசை நடக்கும்போது பீடத்துக்குப் பூ வைக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. ரெனானில் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியாகப் பதில் எழுத எழுத, கடைசிப் பக்கத்துப் பதில் யாரோ வேறொருத்தி எழுதியது போல ஆகிக்கொண்டு வந்தது.

வார இறுதியில் எத்தனை முறை வீட்டுக்குப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு, சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். என் வேலை முறைகளை அதில் நிறப் பென்சிலால் குறித்து வைப்பேன். ரெனானுக்குப் போன நாட்களுக்கு ஒரு வட்டம். முதல் வருடத்து நாட்காட்டியில் சனிக்கிழமை எல்லாம் வட்டமாக இருந்திருக்கும். இது போன வருடத்து நாட்காட்டி. ஏப்ரல் வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன்.

இதற்கு நான் காரணம் சொல்லிக்கொள்வேன். சனி ஞாயிறு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, பொறுப்பாளர் கேட்டால் மறுக்க முடியாது. முதுகு வலி. பயணம் நீளம். எல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குப் போனால் நான் இடைஞ்சலாக இருந்தேன். உப்புப் போத்தல் வேறு தட்டுக்கு மாறியிருக்கும். நான் சமைக்க நின்றால் இவர் பின்னால் வந்து அடுப்பைக் குறைப்பார். இவரும் மகளும் சனிக்கிழமை இரவில் பார்க்கிற ஒரு தொடர் இருந்தது, அதில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். ஃப்ரிபூர்க் தாண்டும்போது ரயில் அறிவிப்பு பிரெஞ்சில் முதலில் வரும். அதோடு என் வாய் அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து என் அறைக் கதவைத் திறக்கும்போது மூச்சு விடுவேன். அந்த மூச்சை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, வரிக் கந்தோரிலயிருந்து பேப்பர் வந்திருக்கு. எத்தினை தரம் வீட்டை போறனீர் எண்டு கேட்டிருக்கினம்."

"ஒவ்வொரு கிழமையும் எண்டு போடு."

"நான் ஒவ்வொரு கிழமையும் வாறனோ?"

"வரி அண்ணை ஏழு வருசமா அப்பிடித்தான் போட்டுக்கொண்டு வாறார். இப்ப நீ மாத்திப் போட்டால் எல்லாம் பிழையாப் போயிடும்."

எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஓர் அண்ணை இருப்பார். செத்தவீட்டுக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், வரிக்கு ஒருவர். ரெனானில் வரி அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ்க் கடையின் பின் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியோடு இருப்பார். பங்குனி மாதத்தில் கடைக்கு வெளியேயும் ஆட்கள் நிற்பார்கள். புருசன் பெண்சாதி இரண்டு பேரும் ஒப்பம் வைக்க வேண்டிய படிவம் என்பதால் வருடத்தில் ஒருமுறை நானும் இவரோடு போவேன். அண்ணை பக்கங்களைப் புரட்டி, "இதில வை தங்கச்சி, இதிலயும்" என்பார். பிரெஞ்சில் இருந்ததால் நான் வாசித்ததே இல்லை. வாசிக்காமல் ஏழு முறை ஒப்பம் வைத்திருக்கிறேன். அந்தத் தாள்களில் நான் ஒவ்வொரு வெள்ளியும் ரயில் ஏறி, ஒவ்வொரு ஞாயிறும் திரும்பிக்கொண்டிருந்தேன். போக்குவரத்துச் செலவு என்று அதற்கு வரியில் கழிவும் வாங்கியிருக்கிறோம். நல்ல மனைவி, நல்ல தாய், கடதாசியில்.

வில் கந்தோர்க்காரர் வீட்டிலிருந்து ஓர் உறுதிக் கடிதமும் கேட்டிருந்தார்கள். குடும்பத்தவர் யாராவது எழுதினால் போதும் என்று இருந்தது. அண்ணையிடம் அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றி எழுதித் தருவார் என்றார் இவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு ஒரு வீடு இருக்குது எண்டு சொல்லுறதுக்கும் அண்ணையோ வேணும்? பிள்ளையிட்டைக் குடுங்கோ போனை."

மகளுக்கு அப்போது பதினெட்டு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜிம்னாஸ் பள்ளியில் கடைசி வருடம். அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத வராது. டொச் பள்ளிக்கூடத்துப் பாடம், அவ்வளவுதான். அவள் எழுதுவது எல்லாம் பிரெஞ்சு. எனக்கோ பிரெஞ்சு கடைத்தெருவோடு சரி. ஒரே வீட்டுக்காரர் நாங்கள், ஒருவர் எழுதியதை மற்றவரால் வாசிக்க முடியாது. இதை நான் அதுவரை ஒரு குறையாக நினைத்ததில்லை, கதைக்கிறோம்தானே என்று இருந்துவிட்டேன்.

"என்ன எழுதிறது அம்மா?"

"நான் உங்களோடதான் இருக்கிறன் எண்டு எழுது."

"அதை எப்பிடி எழுதிறது?"

"உள்ளதை எழுது பிள்ளை. பொய் புரட்டு ஒண்டும் எங்களுக்கு வேண்டாம். உள்ளதை எழுதினாலே காணும்."

மறுமுனையில் கொப்பியிலிருந்து தாள் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி அம்மா" என்றாள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அண்ணையின் மாதிரிக் கடிதத்தைவிட என் பிள்ளையின் உண்மை எனக்கு உதவும் என்று நான் மனதார நம்பினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடிதம் தபாலில் வந்தது. ஒரு பெரிய உறைக்குள் இன்னோர் உறை. உள் உறையை ஒட்டி, அதன்மேல் வரிக் கந்தோரின் முகவரியை அழகாக எழுதியிருந்தாள். கந்தோருக்கு ஒட்டியதை நான் உடைப்பது சரியில்லை என்று நினைத்தேன். உடைத்து என்ன செய்ய? கேள்விகளுக்கு எழுதிய பதில்களைப் பென்சிலிலிருந்து பேனாவுக்கு மாற்றினேன். எத்தனை முறை என்ற இடத்தில் மட்டும், 'வேலை விடும்போதெல்லாம்' என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று நேரிலேயே கொண்டுபோனேன்.

கந்தோரில் இருந்தவர் என் வயதுப் பெண். கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். என் தாள்களைப் பார்த்துவிட்டு, வெளிக் கவுண்டரில் வேண்டாம், உள்ளே வாருங்கள் என்று ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப் போனார். உறையைக் கத்தியால் ஒழுங்காக வெட்டினார்.

"ஓ, பிரெஞ்சு," என்றார். "பரவாயில்லை. பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். வாசிக்க வரும். நான் வாசித்து டொச்சில் சொல்கிறேன், நீங்கள் சரியா என்று சொல்லுங்கள்."

நான் தலையாட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் சொன்னது எனக்குள் தமிழில்தான் இறங்கியது. அப்படியே எழுதுகிறேன்.

என் அம்மா மாதத்தில் ஒரு தடவை வருவார். சில மாதங்களில் இரண்டு தடவை. சனிக்கிழமை பின்னேரம் வந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்விடுவார். வரும்போது கறிகள் சமைத்து, பெட்டிகளில் போட்டு, மூடியில் திகதி எழுதிக் கொண்டுவருவார். அவற்றை நாங்கள் உறைபெட்டியில் வைத்து, அடுத்த முறை அவர் வரும்வரை சாப்பிடுவோம். வேலைப் பழக்கத்தில் அப்பா ஓய்வு நாளிலும் விடிய நான்கு மணிக்கு எழும்புவதால் அம்மா ஹோலில் சோபாவில் படுப்பார். அவருடைய உடுப்புகள் என் அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. மற்றவை நிலக்கீழ் அறையில், இரண்டு பெட்டிகளில். எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் நாள் எது என்று அம்மாவுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் அந்தப் பெண் நிறுத்தி என்னைப் பார்த்தார். "சரியா?" என்றார்.

உடுப்புத் தோய்க்கும் நாள். கட்டடத்துக்குக் கீழே ஒரே ஓர் இயந்திரம், வீட்டுக்கு ஒரு நாள். இந்த நாட்டில் குடியிருப்பவள் தன் பெயரை மறந்தாலும் அந்த நாளை மறக்கமாட்டாள். வில்லில் எனக்கு வியாழன், மத்தியானத்துக்குப் பிறகு. ரெனானில் என்ன நாள்? நான் யோசித்துப் பார்த்தேன். செவ்வாயா? வெள்ளியா? மூளையைப் போட்டுக் குடைந்தாலும் வரவில்லை.

"சரி," என்றேன்.

அவர் கடிதத்தின் மீதியையும் வாசித்துச் சொன்னார். தான் எங்களோடு வசிப்பதாக எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னார். உள்ளதை எழுத வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே கடிதத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் இரவு எட்டரைக்கு நாங்கள் தொலைபேசியில் கதைப்போம், அதைத் தவறவிட்டதில்லை. அம்மா இங்கே வசித்தால் எனக்கு விருப்பம்.

கீழே ஒப்பம் இருந்தது. அவளுடைய ஒப்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, வளர்ந்தவர்களின் ஒப்பமாக இருந்தது.

அந்தப் பெண் கடிதத்தை மடித்துத் தன் முன்னால் வைத்தார், என் பக்கம் தள்ளவும் இல்லை, கோப்பில் போடவும் இல்லை. "இது இன்னும் பதியப்படவில்லை," என்றார். "நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம். வேறு கடிதம் கொண்டுவர இரண்டு கிழமை தருகிறேன்." நல்ல மனுசி. அப்படிச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

பிள்ளையைப் பொய் எழுத வைக்க மனம் வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அந்த நேரம் எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. ஓர் அந்நியப் பெண், கண்ணாடிச் சங்கிலியோடு, என் மகளின் மனதில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிப் போய், இன்னொரு முறை எழுது என்று அவளிடம் கேட்கும் பலம் எனக்கு இருக்கவில்லை. "இருக்கட்டும்," என்றேன். வெளியே வந்தபோதுதான் கையுறைகளை மேசையில் விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

அன்று இரவு எட்டரைக்கு அவள் அழைத்தாள்.

"கடிதம் குடுத்தீங்களோ அம்மா?"

"ஓம், குடுத்தனான்."

"வாசிச்சீங்களோ?"

"எனக்கெங்க பிரெஞ்சு விளங்கும்? சாப்பிட்டியே?"

"ஓம். கத்தரிக்காய்ப் பெட்டி எடுத்தனாங்கள்."

எந்தத் திகதிப் பெட்டி என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நாளைக்குக் கணிதப் பரீட்சை என்றாள், நல்லாச் செய் என்றேன்.

இவருக்கு அடுத்த வாரம் ரெனானுக்குப் போனபோது நேரில்தான் சொன்னேன். மகள் சிநேகிதியோடு வெளியே போயிருந்தாள். இவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார், கத்தியை வைத்துவிட்டுக் கத்தினார்.

"விசரோ உனக்கு? ஒரு பொடிச்சி எழுதினதைக் கொண்டுபோய்க் கந்தோரில குடுக்கிறதே? இனி அங்கயும் கேப்பாங்கள், இஞ்சயும் கேப்பாங்கள். நீ அங்க பதிஞ்சால் சனம் என்ன கதைக்கும்? பிரிஞ்சிட்டினம் எண்டுதான் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

"உனக்கென்ன, நீ அங்க இருப்பாய். கேள்விக்குப் பதில் சொல்லுறது நான்."

அவர் கிழங்கைத் தண்ணீரில் போட்டார். நான் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். அந்த நேரத்தில் அவர் ஒன்று சொல்லியிருக்கலாம். வேலையை விட்டிட்டு வந்திடு, ஏதும் பாப்பம் என்று. சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடத் தொடங்கும்வரை. அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை அண்ணையிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்றார்.

வேலையை விட்டிட்டு வாறன் என்று நானும் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் கேட்கவில்லை என்று ஒரு கோபத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சோபாவில் படுத்துவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அண்ணையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முடிவு சித்திரையில் வந்தது, மறுபடியும் ஜன்னல் உறை. என் வரி வதிவிடம் அந்த வருடம் தை முதலாம் திகதியிலிருந்து வில் என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. பழைய வருடங்களின் போக்குவரத்துக் கழிவுகளையும் ரெனான் பக்கம் திருத்தினார்கள், அதனால் வந்த மேலதிக வரியையும் கட்டி முடித்தோம். இவரும் நானும் இனி வேறு வேறு படிவம் நிரப்ப வேண்டும். ஓர் ஒப்பத்துக்காகக் கடையின் பின் அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதும் இல்லை. எங்களுக்குள் ஒரு சண்டையும் நடக்கவில்லை, யாரும் யாரையும் விட்டுப் போகவும் இல்லை. வரிக் கந்தோர் எங்களைப் பிரித்துவிட்டது என்று நான் இல்லத்தில் கூட வேலை செய்பவர்களிடம் பகிடியாகச் சொல்லுவேன். சிரிப்பார்கள். பிரித்தது கந்தோர் அல்ல என்பது எனக்குத் தெரியும். நடந்து முடிந்ததைப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

ரெனானில் என் வதிவிடப் பதிவை நீக்க நேரில் போக வேண்டி இருந்தது. எனக்கு மொழி இல்லாததால் மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டு மணித்தியாலம் விடுப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள். நகரசபைக் கந்தோரில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். பக்கத்தில் இருக்கும்போது அவளுடைய தோள் என் காதுக்குக் கிட்ட வந்தது. கைபேசியைப் பார்க்காமல் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் அவளுடைய சப்பாத்தைப் பார்த்து, புதிதா என்று கேட்டேன். போன கார்த்திகையில் வாங்கியது என்றாள்.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் ஓர் இளம் உத்தியோகத்தர், சிரித்த முகம். என் அடையாள அட்டையை வாங்கினார், மகளிடம் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். அவர் கணினியில் தட்டினார். பிறகு திரையைப் பார்த்தபடியே இன்னொரு கேள்வி கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சயிருந்து எப்ப போனனீங்கள் எண்டு கேக்கிறார்."

கைப்பையைத் திறந்தேன். தை முதலாம் திகதி என்று போட்ட தாள் உள்ளே இருந்தது, அதை எடுத்துக் காட்டினால் போதும். தாள்களுக்கிடையில் நான் அதைத் தேடிக்கொண்டிருக்க, மகள் அவரிடம் திரும்பிப் பதில் சொல்லிவிட்டாள். ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம். பிரெஞ்சில் இலக்கங்கள் எனக்கு விளங்கும். கடைக்குப் போகிறவளுக்கு அதாவது விளங்கும். அவள் சொன்னது ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை. நான் இரண்டு பைகளோடு முதன்முதலாக வில்லுக்கு ரயிலேறிய நாள். அந்தத் திகதி எனக்கே நினைவில் இல்லை, அவள் சொன்னபோதுதான் அது அந்த நாள் என்று தெரிந்தது.

உத்தியோகத்தர் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"கொம்பியூட்டர் அவ்வளவு பின்னுக்குப் போகாதாம்," என்றாள் மகள். அவள் என்னைப் பார்க்கவில்லை. "பரவாயில்லை அம்மா. இந்த வருசத்தையே போடட்டோ எண்டு கேக்கிறார்."

"ஓம்," என்றேன். "போடச் சொல்லு."

நான் வில்லுக்குப் புறப்பட்ட அந்த விடியற்காலை அவளுக்குப் பதினொரு வயது. முத்தம் கொடுத்தால் நித்திரை கலைந்துவிடும் என்று, கொடுக்காமலே கதவைச் சாத்திக்கொண்டு வந்திருந்தேன்.